இருபத்திமூன்றாம் தேதி வந்த ஆறு பேர்

ஜனவரி 12

அன்புள்ள தம்பி,

அக்கா நலம். மூட்டு வலி மட்டும் லீவே போடாமல் வேலை செய்கிறது. உன் இருமல் விட்டதா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்கலாம் என்றால் உன் பக்கத்து மேஜைக்காரரும் சேர்ந்து 'உம்' கொட்டுகிறார். அதனால் கடிதம்.

உங்கள் தலைமை அலுவலகச் சுற்றறிக்கை வந்தது. மாதம் நூற்றைம்பது பேருக்குக் குறைவாகச் சோதனை செய்கிற மையங்களை மூடப் போகிறீர்களாமே. கீழே 'புள்ளிவிவரப் பிரிவு' என்று போட்டு உன் கையெழுத்து. கையைப் பிடித்து எழுதப் பழக்கினவளுக்கே வேட்டு வைக்கிறாயா, படவா?

எங்கள் மையம் எப்படி இருக்கும் என்று உங்கள் ஆபீஸில் யாருக்காவது தெரியுமா? பிரசவ வார்டுக்குப் பின்னால் இரண்டு அறை. ஒன்றில் நான், மூன்று நாற்காலி, கதவுக்கு ஒரு திரை. இன்னொன்றில் ரத்தம் எடுக்கிற டெக்னீஷியன். ஊருக்கே அவர் ஊசி அண்ணன். 'தாமாக முன்வந்து எச்.ஐ.வி. சோதனை செய்துகொள்ளும் இடம்' என்று வெளியே பலகை. தாமாக எவன் வருவான்? வாசல் வரை வந்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும், "எக்ஸ்ரே எங்கம்மா எடுக்கறாங்க?" என்று கேட்டுத் திரும்புகிறவர்களே பாதி.

முந்தின வருஷம் நூறு பேரைச் சோதித்தால் மூன்று பேருக்கு இருந்தது. போன வருஷம் ஒருவருக்கு. குறைந்தால் மிட்டாய் கொடுக்க வேண்டும், நீங்கள் பூட்டு அனுப்புகிறீர்கள். பதிமூன்று வருஷமாக நான் தற்காலிக ஆலோசகர். நாற்பத்தாறு வயதில் என்னை எவன் வேலைக்கு எடுப்பான்? அப்பா அம்மா போன பிறகு உன்னைப் படிக்கவைத்தது இந்த வேலைதான். ஏதாவது செய்.

இன்னொரு விஷயம். உனக்கு ஒரு பெண் பார்த்திருக்கிறேன். நூலகத்தில் வேலை. நானே போய்ப் பார்த்தேன். கண்ணாடி போட்டிருக்கிறாள், வாய் கொஞ்சம் அதிகம், ஆனால் மனசு பச்சைக் குழந்தை. கிளம்பும்போது என் செருப்பை எடுத்துத் திருப்பி வைத்தாள். எனக்குப் பிடித்துவிட்டது. உனக்கும் பிடித்தே ஆக வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது, திட்டு மட்டும் வந்து சேர்ந்தது. மூட்டுக்குத் தைலம் தடவு. படி ஏறாதே.

கையெழுத்து என்னுடையதுதான், தலையெழுத்து இயக்குநருடையது. அவருக்கு மனிதர்களைத் தெரியாது, கோடு மட்டும்தான் தெரியும். நான் தாளில் கோடு போட்டுக் காட்டுவேன். ஏறினால் "ஏன் ஏறுச்சு?" என்பார், இறங்கினால் "எத்தனை பேரைச் சோதிச்சு இறங்குச்சு?" என்பார். உங்கள் மையம் நூற்றுப்பத்திலேயே நொண்டுகிறது. நூற்றைம்பது ஆக்கிக் காட்டு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். எப்படி ஆக்கினாய் என்று மட்டும் சொல்லாதே.

நூலகத்துப் பெண் விஷயம் உன் இஷ்டம். நீ கை காட்டினால் நான் கழுத்தை நீட்டுகிறேன்.

பாசமுள்ள தம்பி

*

மார்ச் 3

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லோரும் சுகம். ஊசி அண்ணன் மட்டும் கொஞ்சம் வெளுத்துவிட்டார். காரணம் கீழே.

சொல்லாதே என்றாய். சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. பிப்ரவரியில் நூற்றைம்பத்திரண்டு! எப்படி? எங்கள் வழக்கப்படி ரத்தக் குழாயில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அந்த எண் யாருடையது என்று என் பதிவேட்டில் மட்டும் இருக்கும். மாதக் கடைசியில் நாற்பது பேர் குறைந்தது. ஊசி அண்ணன் சட்டையைச் சுருட்டினார். "என் கையில எடுங்கம்மா. ரெண்டு பொண்ணை வச்சுக்கிட்டு நான் வேலையை விட்டுட்டு எங்க போவேன்?" என்றார். அவர் ரத்தத்தையும் என் ரத்தத்தையும் சொட்டுச் சொட்டாக நாற்பது குழாயில் பிரித்து, நாற்பது எண் ஒட்டி, நாற்பது பேரை நானே பெற்றெடுத்தேன். ஆண், 34, விவசாயி. பெண், 29, தையல். எல்லோருக்கும் 'கிருமி இல்லை'. அவர்களுக்கு நாங்கள் வைத்த பெயர் ஒப்புக்குச் சப்பாணி.

சிரிக்காதே.

பெண் வீட்டில் உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். ஏப்ரலில் வா.

அக்கா

*

மார்ச் 19

அக்கா,

நலம், நலமறிய ஆவல் எல்லாம் அப்புறம். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. உன் சப்பாணிகளில் பதினேழு பேர் முப்பத்துநாலு வயது விவசாயிகள்! இயக்குநர் கண்ணில் பட்டால் 'அந்த வயசுல விவசாயிக்கு என்னய்யா பிரச்சினை?' என்று தனி ஆய்வே வைத்துவிடுவார். வயதை மாற்றி மாற்றிப் போடு தாயே.

ஏப்ரல் 22, 23 அங்கே இருப்பேன். பெண்ணைப் பார்த்த கையோடு மையத்துக்கும் வருகிறேன். ஊசி அண்ணன் கை சல்லடையாகியிருக்கும், இந்த முறை என் கையில் எடுத்துக்கொள். ஒரு சந்தேகம்: சப்பாணிக் குழாய்களை நிஜமாகவே சோதிக்கிறீர்களா, இல்லை சும்மா 'இல்லை' என்று எழுதிவிடுகிறீர்களா? அறிக்கையில் பிசகு வரக் கூடாது பார், அதற்குத்தான் கேட்டேன். நிஜமாகவே சோதியுங்கள்.

உனக்கு என்ன வாங்கி வர?

தம்பி

*

மே 6

அன்புள்ள தம்பி,

நலமாக ஊர் போய்ச் சேர்ந்தாய் என்று நினைக்கிறேன். நீ வாங்கி வந்த செருப்பு அளவாக இருக்கிறது.

பெண் வீட்டில் ஒரே சந்தோஷம். ஜூலை 10 என்று நாள் குறித்துவிட்டார்கள். "அண்ணி, உங்க தம்பி நான் பேசுறதையெல்லாம் சலிக்காம கேட்டாரு" என்று அவள் நாலு தடவை சொல்லிவிட்டாள்.

பத்து நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். ஏப்ரல் அறிக்கை உன் மேஜைக்கு வந்திருக்கும். கடைசி வாரம் ஊசி அண்ணனுக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக வந்த பெண், இருந்த குழாய்களையெல்லாம் ஒன்றுவிடாமல் சோதித்து, மூன்று விதமாகச் சரிபார்த்து, நான் பார்ப்பதற்கு முன்பே டாக்டரம்மாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டாள். ஆறு பேருக்கு இருக்கிறது. ஆறு பேரும் இருபத்திமூன்றாம் தேதி வந்தவர்கள். ஆறு எண்ணும் வரிசையாக இருக்கும், பார்.

நீ உடனே ஒரு தடவை வந்துவிட்டுப் போ. எதற்கு என்று கடிதத்தில் கேட்காதே. ரிசல்ட்டை எழுத்தில் கொடுப்பதில்லை, ஆளை எதிரில் உட்காரவைத்துத்தான் சொல்வோம். பதிமூன்று வருஷத்தில் நான் அந்த விதியை மீறியதில்லை.

சாப்பிடு. தூங்கு. வா.

அக்கா

*

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மூட்டு எப்படி இருக்கிறது?

அறிக்கை வந்தது. ஆபீஸே அமர்க்களப்படுகிறது! மூன்று வருஷமாக இறங்கிக்கொண்டே வந்த கோடு உங்கள் மையத்தில் ஒரே துள்ளாகத் துள்ளியிருக்கிறது. இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பார்த்தார். "புதுசாப் பரவுது! இந்த மையத்தை மூடச் சொன்ன மடையன் யாரு?" என்றார். மடையன் அவரேதான், நான் வாயைத் திறக்கவில்லை. கேள்: மையம் மூடப்படாது. இன்னொரு அறை வரும். ஆலோசகர் பணியை நிரந்தரமாக்கப் பரிந்துரை போயிருக்கிறது. பதிமூன்று வருஷம் நீ கெஞ்சி நடக்காதது ஆறு குழாயால் நடந்துவிட்டது.

அந்த ஆறு உத்தமர்களுக்கும் என் சார்பில் நன்றி சொல். எந்த எந்தச் சாக்கடையில் விழுந்து எழுந்தார்களோ, உனக்கு நல்லது செய்துவிட்டார்கள்.

வர முடியாது. கல்யாண வேலை தலைக்கு மேல் இருக்கிறது.

தம்பி

*

ஜூன் 2

தம்பி,

நீ நலமா என்று இந்தத் தடவை ஒப்புக்குக் கேட்கவில்லை. எடை குறைந்திருக்கிறதா? மாலையில் காய்ச்சல் வருகிறதா? இதற்குப் பதில் எழுது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அந்தச் 'சாக்கடை' என்ற வார்த்தையிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்படிப் பேசாதே. என் நாற்காலியில் வந்து உட்கார்கிறவர்களை நான் அப்படி நினைத்ததில்லை. நினைக்கவும் விடமாட்டேன்.

ஊசி அண்ணன் நேராகவே கேட்டுவிட்டார். "அம்மா, இருபத்திமூணாம் தேதி நம்ம தம்பி கையிலதானே எடுத்தேன்?" என்றார். "வேலையைப் பாருங்க" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அன்று முழுக்க என்னோடு அவர் பேசவில்லை.

கல்யாணத்தைத் தள்ளி வை. ஆறு மாதம் வேண்டாம், இரண்டு மாதம் தள்ளி வை. அதற்குள் நீ வந்து என் எதிரில் உட்கார். இது முன்பு மாதிரி இல்லை. மருந்து இருக்கிறது. சரியாகச் சாப்பிட்டால் எல்லோரையும் போல வாழலாம், கட்டியவளுக்கும் வராமல் பார்த்துக்கொள்ளலாம். நான் யாரைப் பற்றி எழுதுகிறேன் என்று உனக்குப் புரியும். அவள் அப்பா இல்லாத பெண், தம்பி. நான் கை காட்டினேன் என்பதற்காகத்தான் சரி என்று சொல்லியிருக்கிறாள்.

நீ வரவில்லையென்றால் அவளிடம் நான் பேச வேண்டியிருக்கும்.

அக்கா

*

ஜூன் 17

அக்கா,

எடை குறையவில்லை, காய்ச்சல் இல்லை. இனிமேல் சுற்றி வளைக்க வேண்டாம்.

அந்த ஆறும் யார் என்று எனக்கு அறிக்கையைப் பார்த்தவுடனே தெரியும். தெரிந்துகொள்ளத்தான் கையை நீட்டினேன். போன வருஷம் நான் போய்வந்த ஓர் இடத்தைப் பற்றி ஒரு செய்தி காதில் விழுந்தது. எங்கே போய்ச் சோதித்துக்கொள்வேன்? இந்த ஊரில் எல்லா மையத்து ஆலோசகரும் மாதாமாதம் என் முன்னால்தான் அறிக்கையோடு நிற்கிறார்கள். உன் சப்பாணி விஷயத்தைக் கேட்டதும் கடவுளே வழி காட்டியது மாதிரி இருந்தது. பெயர் வேண்டாம், முகம் வேண்டாம், முடிவு என் மேஜைக்கே வந்து சேரும். ஒன்று போதும், நீ ஆறாக அனுப்பினாய்.

நீ அவளிடம் சொல்லலாம். யார் தடுத்தது? சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அந்த ஆறு எண்ணுக்கும் பதிவேட்டில் விவசாயிகளும் லாரி டிரைவர்களுமாக ஆறு பேர் இருக்கிறார்கள், உன் கையெழுத்தில். பிப்ரவரியில் நாற்பது பேர், மார்ச்சில் முப்பத்தெட்டு பேர். நீ தனியாகப் போக மாட்டாய், ஊசி அண்ணனையும் கூட்டிக்கொண்டு போவாய். அவருக்கு இரண்டு பெண்கள்.

கல்யாணம் நின்றால் ஏன் என்று ஊர் நோண்டும். நிற்காது. நான் ஜாக்கிரதையாக இருப்பேன். மருந்துக்குப் போனால் பெயர் எழுத வேண்டும், அதனால் போகவில்லை. இப்போதைக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

பத்திரிகையின் மாதிரி இதோடு இருக்கிறது. 'தங்கள் நல்வரவை நாடும்' என்பதற்குக் கீழே உன் பெயர்தான் முதலில். பிழை இருந்தால் திருத்தி அனுப்பு.

தம்பி

*

ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பி,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கல்யாணத்தன்று உன்னோடு ஒரு வார்த்தை பேச முடியவில்லை. நீ பேச விடவில்லை. அவள்தான் சுற்றிச் சுற்றி வந்து, "அண்ணி சாப்பிட்டீங்களா, அண்ணி கால் வலிக்குதா" என்று உயிரை எடுத்தாள். என்னைக் கட்டிக்கொண்டு போட்டோ வேறு எடுத்துக்கொண்டாள். போட்டோவில் நான் பேய் அறைந்த மாதிரி இருப்பேன்.

உன்னிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. ஜூன் கடைசியில் அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். எல்லாவற்றையும் எழுதி, உறையில் போட்டு, ஒட்டி, தபால்தலையும் ஒட்டி மூன்று நாள் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். நாலாம் நாள் என்னை நிரந்தரமாக்கிய ஆர்டர் வந்தது. டாக்டரம்மா எல்லோர் முன்னாலும் படித்தார்கள், ஊசி அண்ணன் கை தட்டினார். அன்று மத்தியானம் கடிதத்தைக் கிழித்துக் கழிவறையில் போட்டேன். என்னைப் போல ஒரு கேடுகெட்டவள் இருக்க முடியாது. ஆனாலும் மறுநாள் சரியாக ஒன்பது மணிக்கு வேலைக்குப் போனேன்.

ஜாக்கிரதையாக இருப்பேன் என்றாய். இருக்கிறாயா? ஒரு வரி எழுது.

புது அறை வந்துவிட்டது. மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது.

அக்கா

*

டிசம்பர் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நான் எழுதும் முதல் கடிதம் இது. நீங்கள் நலமா? மூட்டு வலிக்கு நான் அனுப்பிய தைலம் வந்ததா? கல்யாணத்துக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரி கூட இல்லையே என்று உங்கள் தம்பியிடம் கேட்டேன். "அக்கா பிஸி" என்றார்.

அண்ணி, நான் மூன்று மாதம். முதலில் இந்தச் சந்தோஷத்தைத்தான் உங்களுக்கு எழுத நினைத்தேன். கர்ப்பிணிகளுக்கு எல்லாச் சோதனையும் எடுப்பார்களே, அப்படி எனக்கும் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து என்னை மட்டும் தனியாக ஓர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறதாம். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு யாருடைய ரத்தமோ என்றேன். மறுபடி எடுத்தார்கள். என்னுடையதுதான்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அப்புறம், "எனக்கும் உங்கிட்டேர்ந்து வந்திருந்தா என்ன பண்றது?" என்றார். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் அண்ணி. இப்போது வெளி அறையில் படுக்கிறார். என் டம்ளரைத் தனியாக வைத்திருக்கிறார். சோதனைக்கு வாங்க என்றால், "என்னை அசிங்கப்படுத்தாதே" என்கிறார். நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. புத்தகம் அடுக்குவதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் என்னால் அவருக்கு வந்திருக்கக் கூடாதே என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

அந்த ஆலோசகர் பெண் கேட்டாள்: "உங்க வீட்டுல இதைப் புரிஞ்சுக்கறவங்க யாராவது இருக்காங்களா?" நான், "எங்க அண்ணி இந்த வேலைதான் பாக்கறாங்க, பதிமூணு வருஷமா" என்றேன். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அப்ப உங்களுக்கு என்னங்க கவலை? முதல்ல அவங்களுக்குச் சொல்லுங்க" என்றாள். எங்கள் அம்மாவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

எனக்கு எப்படி வந்தது அண்ணி? நீங்கள் ஆயிரம் பேரைப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்குத் தெரியும்.

உங்கள் தம்பி மனைவி

*

டிசம்பர் 9

அக்கா,

அவள் உனக்கு எழுதியிருக்கிறாள், தெரியும். என்ன பதில் எழுத வேண்டும் என்று உனக்குத் தெரியும். அவளை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பப் போகிறேன். அங்கே யாராவது கேட்டால், அவளுக்கு முன்பே இருந்தது என்று ஆக வேண்டும். நீ சொன்னால் நம்புவார்கள்.

மார்ச்சில் உங்கள் மையத்தைச் சிறந்த மையமாக அறிவிக்கப் போகிறார்கள். பட்டியலை நான்தான் தயாரிக்கிறேன்.

மூட்டைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

டிசம்பர் 15

என் அன்பு அம்மாடிக்கு,

அண்ணி நலம். தைலம் வந்தது, தினமும் தடவுகிறேன். நீ நன்றாகச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு. வயிற்றில் இருப்பதற்கும் சேர்த்துச் சாப்பிட வேண்டும்.

அழாதே. முதலில் குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். மாத்திரையை ஒரு நாள் கூட விடாமல், தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட்டால் குழந்தைக்கு வராமல் காப்பாற்ற முடியும். என் கண் முன்னால் அப்படிப் பிறந்த குழந்தைகள் இப்போது பள்ளிக்கூடம் போகின்றன. உனக்கும் நீண்ட ஆயுள் உண்டு. டம்ளரால் இது பரவாது. அதை அவனிடம் நான் சொல்கிறேன்.

அந்தப் பெண் உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள் என்று எழுதியிருந்தாய். நல்ல பெண், அவள் சொல்படி நட. அம்மா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவது உனக்கும் நல்லது. தம்பியையும் சோதித்துக்கொள்ளச் சொல்லி எழுதுகிறேன். அவனுக்கு என்ன முடிவு வந்தாலும் நீ மனம் உடைந்து போகக் கூடாது. வேண்டுமென்று யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை. நான் உன்னைத் தப்பாக நினைக்க மாட்டேன்.

எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறாய். என்னிடம் வருகிறவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்பதைத்தான் உன்னிடமும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. சின்ன வயதில் உனக்கு ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா? வெளியில் எங்காவது ஊசி போட்டுக்கொண்டாயா? கல்யாணத்துக்கு முன்னால் யாரோடாவது பழக்கம் இருந்ததா? அண்ணியிடம் சொல்ல வெட்கம் வேண்டாம், யாருக்கும் சொல்ல மாட்டேன். நன்றாக யோசித்துப் பார். ஏதாவது ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். தேதி ஞாபகம் இருந்தால் தேதியோடு எழுது.

உன் அண்ணி